பலகையில் இல்லாத பெயர்

செம்பூர், பம்பாய்-71
18-6-1985

திரு. அப்துல் ரவூப் அவர்களுக்கு,

கமல் குஞ்ச் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தாங்கள் பூட்டிவிட்டுச் சென்ற இரண்டாம் மாடி வீட்டின் குளியலறையிலிருந்து தண்ணீர் கசிந்து, முதல் மாடியில் பாகீரதி பாய் வீட்டுச் சமையலறைக்குள் இறங்குகிறது. மழை தொடங்கிவிட்டது. அந்த அம்மாள் தனியாள். அடுப்புக்குப் பக்கத்தில் வாளி வைத்துச் சமைக்கிறார். படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் விரலை மேலே காட்டுகிறார். பதில் சொல்ல வேண்டியவனாக நான் நிற்கிறேன்.

சாவியை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் பிளம்பரை வைத்துப் பார்த்துவிடலாம். தாங்கள் நேரில் வரத் தேவையில்லை.

போன வருஷம் லாரியில் சாமானை ஏற்றிக்கொண்டு போனதற்குப் பிறகு தாங்கள் சங்கத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. சொல்லிக்கொள்ளாமல் போனவர்கள் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கும் வயதை நான் கடந்துவிட்டேன். மாஹிம் ஒன்றும் மதராஸ் அல்ல. சயானில் பஸ் மாறினால் வந்துவிடலாம். நானே வந்து சாவியை வாங்கியிருப்பேன். வீட்டில் கொஞ்சம் உடம்பு சரியில்லாததால் முடியவில்லை.

இப்படிக்கு,
சு. தளவாய்
செயலாளர்


786
மாஹிம், பம்பாய்-16
25-6-1985

செயலாளர் அவர்களுக்கு,

சாவியை என் தாராவிப் பட்டறையில் பை தைக்கும் ஆள் ஒருவர் கொண்டுவந்து தருவார். நம்பகமானவர். வேலை முடிந்ததும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

வாசல் பெயர்ப் பலகையில் இல்லாத ஆளுக்கு வீடு மட்டும் எங்கிருந்து வந்தது, ஒழுகுவதற்குக் குளியலறை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கலாம். பாகீரதி பாய் முகத்துக்காகக் கேட்கவில்லை. நான் குடிவந்த புதிதில், தண்ணீர் வந்ததும் எல்லார் கதவையும் தட்டி எழுப்பிவிட்டது அந்த அம்மாதான்.

இனி இது என் வீட்டுக்காரி மர்யம் கேட்பது. ‘வீட்டில் உடம்பு சரியில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். கடிதம் எழுதியவர் தெம்பாகத்தான் இருக்கிறார், வாசித்தாலே தெரிகிறது. அப்படியென்றால் மதினிக்கா? என்ன உடம்புக்கு? வாசித்துக் காட்டியதிலிருந்து என்னைப் போட்டுப் பிடுங்கி எடுக்கிறாள். அதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

அப்துல் ரவூப்


செம்பூர்
9-7-1985

ரவூப்,

கசிவு நின்றுவிட்டது. சங்கத்து வேலை அதோடு முடிந்தது. இனி ‘தாங்கள்’ போட்டு எழுத என்னால் ஆகாது.

பலகையில் இல்லாத ஆள் என்று எழுதியிருக்கிறீர். ஒரு வருஷமாக இதையா நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தீர்? அப்படியானால் கேளும்.

போன வருஷம் மே மாதம். பீவண்டியில் பற்றிய கலவரம் இங்கே கோவண்டி வரைக்கும் வந்துவிட்டது. ஊரடங்கு. நீர் தாராவியில் பட்டறையிலேயே மாட்டிக்கொண்டீர். கட்டடம் கட்டடமாக ஒரு கும்பல் வந்து வாசலில் பெயர்ப் பலகையை வாசிக்கிறது என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். மெய்யோ பொய்யோ, அன்றைக்கு யாருக்குத் தெரியும்? என் ஹாலில் நாலு பேர் கூடினோம். ஆளுக்கொன்று பேசினார்கள். ஒரு குஜராத்திக்காரர், நாமே கேட்டைப் பூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடலாம் என்றார். நான் எழுந்துபோய் உம் பித்தளைத் தகட்டைக் கழற்றி எடுத்து வந்தேன். வேறு எவன் கையும் அதில் படக் கூடாது என்று நானே கழற்றினேன்.

மர்யமை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். அது உமக்குத் தெரியும். தகடு விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் என்னவென்று சொல்ல?

நீர் வந்தீர். ‘மர்யமைப் பார்த்துக்கொண்டீர்களே’ என்று ஒரு வார்த்தை இல்லை. தலையைக் குனிந்துகொண்டு படியேறினீர், இறங்கினீர். ஊர் முழுக்க அடங்கட்டும், பிறகு மாட்டுவோம் என்று நான் இருந்தேன். அதற்குள் லாரி வந்து நின்றது. பால்கனியிலிருந்து பார்த்தேன். கீழே வரவில்லை. ஏன் வர வேண்டும்?

ஆபீஸில் எனக்குக் கீழே இருந்தவன் எனக்கு மேலே போனபோதும் நான் யாரிடமும் போய் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும்.

செண்பகவல்லிக்கு வயிற்றில் ஏதோ கோளாறு. டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தளவாய்


786
மாஹிம்
21-7-1985

அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். கழற்றியது நீங்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். வாட்ச்மேன் சொன்னார். அதனால்தான் ஒன்றும் கேட்கவில்லை. வேறு யாராவது கழற்றியிருந்தால் வாசலில் நின்று சத்தம் போட்டிருப்பேன். நீங்கள் என்றதும் வாய் வரவில்லை.

அந்தப் பலகை எப்படி வந்தது என்று மறந்துவிட்டீர்களா? நாம் குடிவந்தபோது வாசலில் வெறும் நம்பர்தான். ‘ஏ செவன் தண்ணியைத் தொறந்து விட்டுட்டான், பி த்ரீ குப்பையைப் போட்டுட்டான்’ என்று நம்பர் சொல்லித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கம் பதிவாகி நடந்த முதல் மீட்டிங்கில் நான் எழுந்து, ‘நம்பர் போட்டுக் கூப்பிட நாம என்ன ஆர்தர் ரோடு ஜெயில்லயா இருக்கோம்?’ என்றேன். நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள். மரம் நான் எடுத்தேன். தகட்டில் எழுத்து வெட்டத் தாராவியில் ஆள் பிடித்தேன். ஒவ்வொரு வீடாகப் போய் ‘உங்க பேர் எப்படி எழுதணும்?’ என்று கேட்டு வாங்கினேன். மூன்று வருஷம் எதிரும் புதிருமாக இருந்தவர்களுக்கு அன்றைக்குத்தான் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் மொட்டை மாடியில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். பாகீரதி பாய் வீட்டுப் பூரன் போளி, மதினியின் எலுமிச்சை சாதம், உங்களுக்கென்று மர்யம் தனியாக வைத்திருந்த சட்டியில் பாயசம். கறி ஏறாத சட்டி அது. இன்னும் அப்படியே வைத்திருக்கிறாள்.

அந்தப் பலகையிலிருந்து என் பெயர்தான் முதலில் போனது. மர்யமைப் பார்த்துக்கொண்டீர்கள், அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் அண்ணாச்சி, விருந்தாளியைத்தான் வீட்டுக்குள் ஒளித்து வைப்பார்கள். குடியிருக்கிறவனுக்கு வாசலில் பெயர் இருக்கும். ஊரடங்கு எடுத்த பிறகும் அந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டேதான் ஏறி இறங்கினேன். இன்றைக்குச் சொல்வார், நாளைக்கு மாட்டுவார் என்று இருந்தேன். எதிர் வாசல்தானே? ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம்.

சரி. எனக்காக எடுத்தேன் என்கிறீர்கள். நம்புகிறேன். எடுத்த கையால் மாட்டிவிட்டு ஒரு கார்டு போடுங்கள். பெயர் ஏறட்டும், நாங்கள் படியேறி வருகிறோம்.

வயிற்றில் கோளாறு என்றால் என்ன கோளாறு? மர்யம் உங்கள் பதிலில் திருப்தியாகவில்லை. நானும்தான்.

ரவூப்


செம்பூர்
12-8-1985

ரவூப்,

கட்டி. பரேல் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டார்கள். இதற்கு மேல் எழுதத் தேவையில்லை, நீர் புத்திசாலி. அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருக்கிறோம்.

செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். கீழ் வீட்டுக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார், தாராளமாக ஆளட்டும். எனக்கு ஆபீஸ், ஆஸ்பத்திரி, அடுப்பு மூன்றும் சரியாக இருக்கிறது.

உம் தகடு எங்கே இருக்கிறது தெரியுமா? சுவாமி அலமாரியில், விளக்குக்குப் பக்கத்தில். வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கும்போது அதையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்பாள். நீர் போன நாளிலிருந்து இது நடக்கிறது. நான் ஒன்றும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது நிற்க முடியாததால் உட்கார்ந்துகொண்டு தேய்க்கிறாள். போன வாரம் தேய்த்து முடித்துவிட்டு, ‘ஒரு ஸ்க்ரூவைத் திருகத் தெரியாத ரெண்டு ஆம்பளைங்க. ஒருத்தர் எம்.ஏ., ஒருத்தர் முதலாளி’ என்றாள். சிரித்தாள். சிரித்தால் வலிக்கிறது அவளுக்கு.

மர்யமைப் பார்க்க வேண்டும் என்கிறாள். முதலில் ஜாடையாகச் சொன்னாள். இப்போது நேராகவே கேட்கிறாள்.

நீர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறீர். நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு நான் எந்தக் காரியமும் செய்ததில்லை, ஐம்பத்திரண்டு வயதில் தொடங்குவதாகவும் இல்லை. நல்லது நினைத்துச் செய்த காரியத்துக்கு நான் ஏன் முதலில் இறங்கிப் போக வேண்டும்? தகடும் இருக்கிறது, இரண்டு ஸ்க்ரூவும் ஒரு டப்பாவில் இருக்கிறது. நீர் வாரும். வந்தால் சேர்ந்து போய் மாட்டலாம்.

சீக்கிரம் வாரும். இதை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

தளவாய்


786
மாஹிம்
20-8-1985

அண்ணாச்சிக்கு,

மர்யம் இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் இருக்கிறாள். இதை ஜூன் மாதமே எழுதியிருக்கக் கூடாதா? ஒழுகுகிற குழாயைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்களே.

பெருநாள் கழித்து வரும் ஞாயிறு, செப்டம்பர் ஒன்றாம் தேதி, சாயங்காலம் வருகிறோம். மதினியிடம் சொல்லுங்கள்.

ரவூப்


செம்பூர்
5-9-1985

ரவூப்,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவளுக்குத் தலை வாரிவிட்டேன். பழக்கமில்லாத கை, வகிடு கோணலாகத்தான் வந்தது. அரக்குப் புடவை எடுக்கச் சொன்னாள். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மழை. உள்ளே வா என்றால் வரவில்லை. நான் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளேயே இருந்தேன்.

இருட்டியது. நீங்கள் வரவில்லை.

‘மர்யம் வந்துட்டுப் போயிட்டா’ என்றாள். ‘யார்?’ என்றேன். ‘மர்யம். கேட்டுக்கு உள்ள வந்தா, பச்சைக் குடை. அவ பிறத்தாலயே அவரும். கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் வெளிய போயிட்டாங்க. கூப்பிட்டேன், சத்தம் வரல.’ அவளுக்கு அன்று காய்ச்சல் இருந்தது. ‘காய்ச்சல்ல ஏதாவது தெரியும், படுத்துக்கோ’ என்றேன். ‘எனக்கு வயித்துலதான் கோளாறு, கண்ணுல இல்ல’ என்றாள்.

மறுநாள் காலையில் நான் பால் வாங்கிவிட்டு வரும்போது வாசலில் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாடியும் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாக இறங்கியிருக்கிறாள். மடியில் உம்முடைய தகடும் ஸ்க்ரூ டப்பாவும். கையில் காய் நறுக்கும் கத்தி. அதைத்தான் ஸ்க்ரூ டிரைவராக எடுத்து வந்திருக்கிறாள். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். கட்டடமே கேட்கக் கத்தினேன். கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, பாகீரதி பாயும் வாட்ச்மேனும் ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாக அவளை மேலே தூக்கிக்கொண்டு போனோம். பாரமே இல்லை.

வருகிறேன் என்று எழுதிவிட்டு வராமல் இருப்பது என்ன பழக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. உமக்கு இனி நான் எழுதப்போவதில்லை.

தளவாய்


செம்பூர்
24-9-1985

ரவூப்,

செண்பகவல்லி போன வியாழக்கிழமை, 19ஆம் தேதி, காலையில் இறந்தாள். அன்றே எல்லாம் முடிந்தது.

உமக்குச் சொல்லி அனுப்ப ஆள் இருந்தது. பாகீரதி பாய் கேட்கவும் கேட்டார். நான் வேண்டாம் என்றேன்.

தளவாய்


786
மாஹிம்
2-10-1985

அண்ணாச்சிக்கு,

உங்கள் கார்டு வந்த அன்று மர்யம் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஒரு வாரமாகப் பட்டறைக்குப் போகவில்லை. சொல்லி அனுப்பவில்லை என்று உங்களைக் கோபிக்க எனக்கு வாய் கிடையாது. ஏன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மதினிக்குக் கண்ணில் கோளாறு இல்லை. நாங்கள் வந்தோம்.

பாயசச் சட்டியைத் துணியில் கட்டி மர்யம் எடுத்து வந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்: அண்ணாச்சி வாயால்தான் வீம்பு பேசுவார், நாம் வருகிறோம் என்றதும் மாட்டியிருப்பார். வாசலில் ஏறிப் பலகையைப் பார்த்தேன். புது வார்னிஷ் பளபளவென்று இருந்தது. என் பெயர் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. ஓட்டைகளும் இல்லை. எல்லாப் பெயரையும் நெருக்கி வரிசையாக மாட்டியிருந்தது. நடுவில் ஒருவன் இருந்தான் என்பதற்கு அடையாளமே இல்லை. வா என்று எழுதிவிட்டு இதைச் செய்து வைத்திருக்கிறாரே என்று எனக்குக் கண் இருட்டிவிட்டது.

மர்யம் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ‘பேரு கெடந்தா கெடக்குது, மேல போயி மதினியப் பார்த்துட்டு வந்துருவோம்ங்க. அஞ்சு நிமிஷம்.’ நான், ‘இந்தக் கட்டடத்துல எனக்கு யாரையும் தெரியாது’ என்றேன். அவள் படியில் ஒரு கால் வைத்துவிட்டாள். நான் கேட்டைத் தாண்டி நடந்துவிட்டேன். அவளும் வந்தாள். பஸ் ஸ்டாப்பில் அந்த மழையிலும் அவள் குடையை விரிக்கவில்லை. சட்டியை மடியில் வைத்துக்கொண்டே மாஹிம் வரை வந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

மதினி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

மர்யம் ஒரு தடவை உங்கள் வீட்டுக்குள் வந்து நின்றுவிட்டுப் போக வேண்டும் என்கிறாள். நான் வர வேண்டாம் என்றால் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். அவளை மட்டும் விடுங்கள்.

ரவூப்


செம்பூர்
9-10-1985

ரவூப்,

உம் கடிதம் வந்ததும் கீழே போய்ப் பலகையைப் பார்த்தேன். கணபதி பண்டிகைக்காகப் புதுச் செயலாளர் வார்னிஷ் அடிக்கச் சொல்லியிருக்கிறார். ஓட்டைகள் பார்க்க நன்றாக இல்லையென்று பெயிண்டர் மக்கு வைத்து அடைத்துவிட்டுத் தகடுகளை நெருக்கி மாட்டியிருக்கிறான். நான் செய்யவில்லை. நம்புவதும் நம்பாததும் உம் இஷ்டம். தினமும் அதைத் தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், வந்தேன். நான் பார்க்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள். கத்தியையும் ஸ்க்ரூவையும் வைத்துக்கொண்டு ஏன் அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. திருகுவதற்கு அவளுக்கு ஓட்டை இல்லை. நான் அப்போது கத்திக்கொண்டிருந்தேன்.

படியேறாமல் போனதை நான் மன்னிக்க மாட்டேன். என்னையும் நீர் மன்னிக்க வேண்டாம். நாம் இருவருமே அந்த வேலைக்கு லாயக்கில்லாதவர்கள். அது தெரிந்தவள் போய்விட்டாள்.

செயலாளரிடம் போனேன். ‘அந்த வீடு பூட்டித்தானே கிடக்கு, பேர் எதுக்கு? வேணும்னா தீபாவளிக்கு அப்புறம் மீட்டிங்ல வைப்போம்’ என்றார். மேலே வந்து தகட்டை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். அவள் கைக்கு வரும் பளபளப்பு எனக்கு வரவில்லை. எழுத்துக்குள் கறுப்பு நிற்கிறது. அதே கத்தியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பாகீரதி பாய் உள்ளிருந்து ஸ்டூல் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார். என் தகட்டை நான் கழற்றுவதைப் பார்த்துவிட்டு, ‘தளவாய் சாப், அப்னா நாம் கியோன் நிகாலா?’ என்றார். என் பெயரையே ஏன் எடுத்தேன் என்று கேட்கிறார். அந்த இடத்தில் உம்முடையதை வைத்துத் திருகினேன். ஒரு ஸ்க்ரூ சரியாகப் பிடிக்கவில்லை, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அந்த அம்மாள் கீழே நின்று, இடது பக்கம் தூக்கு, இன்னும் தூக்கு என்று மராத்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் உம் பெயரைத் துடைத்துவிட்டு உள்ளே போய் அழுதார்.

என் தகடு இப்போது சுவாமி அலமாரியில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும். அவள் இல்லாத வீட்டுக்கு வாசலில் என் பெயர் எதற்கு?

பால்கனி நாற்காலியை நான் எடுக்கவில்லை. மர்யமை வரச் சொல்லும். சட்டியோடு வரச் சொல்லும். நீர் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை.

இதற்குப் பதில் போட வேண்டாம். இங்கே புதுத் தபால்காரர், பலகையை வாசித்துவிட்டுத்தான் மாடியேறுகிறார். என் பெயர் அதில் இல்லை. நேரில் வாரும்.

தளவாய்